பிடித்த படம் எது?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, உறுதிபூசுதல் பெறவிருக்கும் சிறுவர் சிறுமியருக்கு மறைக்கல்வி நடத்திக்கொண்டிருந்தோம். பாடம் முடிந்து அனைவரும் எழும் வேளையில், சிறுமி ஒருத்தி தயங்கித் தயங்கி, "சாமி, உங்களுக்குப் பிடித்த சினிமாப் படம் எது?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. சாமியார் 'பென்ஹர்' என்றோ 'பத்துக் கட்டளைகள்' என்றோ சொல்லுவார் என்று எதிர்பார்த்தார்கள் போலும். நாம் சிறிதும் யோசியாமல், "பாசமலர்" என்றோம்.

"ஏன் சாமி?" என்றாள் அவள் விடாமல்.

சிவாஜி கணேசன், சாவித்திரி ஆகியோரின் நடிப்பைச் சொன்னோம். ஆரூர்தாஸ் எழுதிய உரையாடலைச் சொன்னோம். விசுவநாதன் – இராமமூர்த்தி இரட்டையரின் இசையைச் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட சிறுமி, "எங்கள் பாட்டிக்கும் அந்தப் படந்தான் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்" என்றாள். நாம் அடுக்கிய காரணங்களைவிட அப்பாட்டியின் மௌனமே மெய்யான விடை என்று அப்போதே நம் உள்ளத்தில் பட்டது.

'பாசமலர்' 1961-ஆம் ஆண்டு, பீம்சிங்கின் இயக்கத்தில் வெளிவந்த படம். தாய் தந்தையரை இழந்த அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் உலகமாக வாழ்ந்து, செல்வம் வந்தபின் பிரிக்கப்பட்டு, இறுதியில் ஒன்றாக உயிர் துறக்கும் கதை. மறு ஆண்டே அது இந்தியில் 'ராக்கி' என்றும், தெலுங்கில் 'ரக்த சம்பந்தம்' என்றும் எடுக்கப்பட்டது. மொழி மாறினும் உடன்பிறப்பின் உறவு மாறுவதில்லையே! எனினும், ஒரு படம் நல்ல படமாயிருப்பது வேறு. அது நமக்குப் பிடித்த படமாவது வேறு. முன்னதற்குக் காரணம் திரையில் இருக்கிறது. பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் நம் வீட்டில் இருக்கிறது.

நாம் அப்படத்தை முதன்முதல் பார்த்தது 1975-ஆம் ஆண்டு, ஊருக்கு வெளியே இருந்த டூரிங் கொட்டகையில். அப்போது நமக்கு வயது ஆறு. தாயை முன்னமே இழந்துவிட்ட நமக்கு அக்காளே தாய். அவர்தாம் தரை டிக்கெட் எடுத்து, பெண்கள் பகுதியில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் நம்மை அமர்த்தினார். ஒரே ஓர் இயந்திரத்தை வைத்துப் படம் காட்டும் கொட்டகையாதலால், சுருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கு எரியும். அவ்வெளிச்சத்தில் சுற்றிலும் இருந்த பெண்கள் யாவரும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அக்காளும் துடைத்துக்கொண்டார். அதன்பின் அப்படத்தைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். ஆயினும் 'பாசமலர்' என்றதும் முதலில் நம் நினைவுக்கு வருவது சிவாஜி கணேசன் அல்லர். மணலும், வேர்க்கடலை மணமும், அக்காளின் ஈர முந்தானையுமே.

இது நம் ஒருவருடைய அனுபவம் மட்டுமன்று. 2025-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013-இல் அளித்த நேர்காணல் ஒன்றில், பெல்லினியின் 'லா ஸ்ட்ராடா' தாம் மிகவும் நேசித்த படம் என்று குறிப்பிட்டார். அதனோடு, திரைப்படங்களைப் பற்றித் தாம் அறிந்ததற்கெல்லாம் தம் பெற்றோருக்கே கடன்பட்டிருப்பதாகவும், அவர்களே தம்மை அடிக்கடி படங்களுக்கு அழைத்துச் சென்றதாகவும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். படத்தைப் பற்றிக் கேட்டால் பெற்றோரைப் பற்றிச் சொல்லுகிறார்! மனித உள்ளம் எங்கும் ஒன்றுதான்.

சில படங்கள் நாம் பெற்ற அன்பை நினைவூட்டும். வேறு சில, நாம் கொடுக்கத் தவறிய அன்பைச் சுட்டிக்காட்டும். 1990-ஆம் ஆண்டளவில், குருமடத்தில் எங்களுக்கு 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படத்தைக் காட்டினார்கள். 1948-இல் விட்டோரியோ தெ சீக்கா இயக்கியது. போருக்குப் பிந்திய உரோமை நகரில் ஓர் ஏழைக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க அவன் மனைவி படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. மகனை அழைத்துக்கொண்டு நகரெல்லாம் தேடி அலைந்தவன், முடிவில் மனமுடைந்து, தானே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான். கூட்டம் அவனை அடித்து அவமானப்படுத்துவதை மகன் பார்த்துவிடுகிறான். உரிமையாளர் இரங்கி விட்டுவிட, தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையை அச்சிறுவன் மெல்லப் பற்றிக்கொள்கிறான். அவ்வளவே படம். தந்தையாக நடித்தவர் நடிகரல்லர், ஆலைத் தொழிலாளி.

அன்றிரவு எங்களுள் ஒருவர் உணவருந்த வரவில்லை. தேடிச் சென்றபோது கோவிலில் அமர்ந்திருந்தார். அவருடைய தந்தை சைக்கிளில் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒருநாள் சந்தையில், கடனுக்காக ஒருவர் அவர் சட்டையைப் பற்றி உலுக்கியபோது, பள்ளியிலிருந்து வந்த மகன் யாரோபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போய்விட்டாராம். "அந்தப் பையன் பிடித்த கையை நான் பிடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னார். அவ்வாரமே தம் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு மிகவும் பிடித்த படம் அதுவே என்று இன்றும் அவர் சொல்லுவதுண்டு.

இன்னொரு படத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்க இயக்குநர் பிராங்க் காப்ரா 1946-இல் எடுத்த 'இட்ஸ் எ ஒண்டர்புல் லைப்'. சினிமா தோன்றியதன் நூற்றாண்டை முன்னிட்டு 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட நாற்பத்தைந்து சிறந்த படங்களின் பட்டியலில், 'சைக்கிள் திருடர்க'ளோடு இதற்கும் இடமுண்டு. வெளிவந்த காலத்தில் இப்படம் வசூலில் தோற்றது. 1974-இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். ஆகவே கட்டணமின்றிக் காட்டலாம் என்று தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் காலத்தில் அதை ஒளிபரப்பின. திரையரங்கில் தோற்ற படம், வீட்டுக் கூடத்தில், பாட்டனும் பேரனும் சேர்ந்து பார்க்கப் பார்க்க, கோடிக்கணக்கானோரின் அன்பைப் பெற்றது.

பிறருக்காகவே உழைத்து, தன் ஆசைகளையெல்லாம் விட்டுக்கொடுத்த ஒருவன், பணத் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறான். அவன் பிறவாதிருந்தால் எத்தனை பேருடைய வாழ்வு பாழாகியிருக்கும் என்று ஒரு வானதூதர் அவனுக்குக் காட்டுகிறார். மனம் மாறி வீடு திரும்பினால், அவனால் நன்மை பெற்ற ஊர் மக்கள் கையில் இருந்த காசையெல்லாம் கொண்டுவந்து அவன் மேசையில் குவிக்கிறார்கள். இதைப் பார்ப்பவர் அனைவரும், 'என் உழைப்பையும் யாரேனும் இப்படி உணரமாட்டார்களா?' என்று ஏங்குகிறார்கள். நியாயமான ஏக்கந்தான். ஆனால் காசைக் கொண்டு வந்தவர்களுள் ஒருவராக நம்மை நினைத்துப் பார்க்கிறோமா? நமக்காக உழைத்து ஓய்ந்த ஒருவர், கதவைத் தட்டுவார் எவருமின்றிக் காத்திருக்கிறாரே!

இதைப் பிறருக்கு எழுதுமுன் நம்மையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. மறைக்கல்வி முடிந்த அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். அக்காளைக் கண்டு பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். 'திருவிழா வேலை', 'கட்டட வேலை' என்று தொலைபேசியில் சொல்லிச் சொல்லி நாள்களைக் கடத்திவிட்டோம். 'பாசமலர்' எத்தனை முறை ஒளிபரப்பானாலும் பார்க்க நேரம் இருந்தது, கண்ணீரும் இருந்தது. அக்காளைப் பார்க்க மட்டும் நேரம் இல்லை! திரையைப் பார்த்து அழுவதற்குச் செலவில்லை. எழுந்து புறப்படுவதற்குத்தான் செலவு.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டோம். நாம் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அக்காள் நம்மை மரியாதையாக, "வாங்க, உட்காருங்க" என்றே பேசுவார். அன்றும் அவ்வாறே வரவேற்றார். பேச்சினூடே, "அக்கா, கொட்டகையில் பாசமலர் பார்த்தோமே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டோம். சற்று யோசித்தார்.

"படம் என்னவோ எனக்கு நினைவில்லை. பாதியிலேயே நீ தூங்கிவிட்டாய். இரண்டு மைல் தூரம் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அந்தத் தோள்வலிதான் நினைவிருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த அந்த 'நீ' என்ற சொல் நம்மை உலுக்கிவிட்டது. முழுதும் பார்த்ததாக நாம் எண்ணியிருந்த படத்தில் பாதியைப் பார்க்கவே இல்லை. நமக்குப் பிடித்த படத்தின் பிற்பாதி அக்காளின் தோளில் நடந்திருக்கிறது. 'ஏன் சாமி?' என்ற கேள்விக்கு விடை அப்போதுதான் கிடைத்தது.

அன்புக் குடும்பத்தாரே, இம்மாதம் ஒருநாள் இரவு உணவுக்குப் பின், வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும், 'உனக்குப் பிடித்த படம் எது? ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். முதியோர் பழைய படத்தைச் சொன்னால் நகைக்காதீர்கள். இளையோர் புதிய படத்தைச் சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். அவர்கள் சொல்வது படத்தைப் பற்றியதன்று, தங்களைப் பற்றியது. விடை சொல்லும்போது எவரேனும் கண்ணைத் துடைத்துக்கொண்டால், அது யாருக்காக என்று மெல்லக் கேளுங்கள். அவர் இன்னும் உயிரோடிருந்தால், மறுநாளே பேருந்து ஏறுங்கள்.