ரிசீவரை மாத்தினா சத்தம் நல்லா வருமா?

"ரிசீவரை மாத்துவம், சத்தம் தானா நல்லா வரும்." எங்கட திரையிடல்களுக்கு ஆளாளுக்குப் போட்டுச் சேர்த்த காசை எதில் செலவழிப்பது என்று கதைக்கும்போதெல்லாம் இந்தக் கதை வந்துவிடுகிறது. நாங்கள் இதற்கு உடன்படவில்லை.

ரிசீவரின் வேலை, வருகிற ஒலியைப் பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்புவது. ஓரளவு தரமான ரிசீவர் எதுவும், அளவான சத்தத்தில், இதை ஒழுங்காகவே செய்யும். 1987இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவியூ' சஞ்சிகை, எது எதுவென்று சொல்லாமல் பலரைக் கேட்க வைத்தது. 220 டொலர் ரிசீவரையும் 12,000 டொலர் ஆம்ப்ளிஃபையரையும் அவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை.

சரி, வொட்ஸ் கூடினால்? 50 வொட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய, ஏறக்குறைய பத்து மடங்கு வலு வேண்டும்.

புது ரிசீவரே வீண் என்று சொல்ல வரவில்லை. டொல்பி அட்மோஸ் வேண்டுமென்றால், அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் வசதி வேண்டுமென்றால், பழையது ஸ்பீக்கர்களை இழுக்க முடியாமல் சூடாகி நிற்கிறதென்றால், மாத்தத்தான் வேணும்.

ஆனால் வெறுஞ்சுவரும் சீமெந்துத் தரையுமான மண்டபத்தில், எந்த ரிசீவரை வைத்தாலும் வசனம் எதிரொலியில் கரைந்துபோகும். அங்கே முதலில் தேவை தடித்த திரைச்சீலை, தரைவிரிப்பு, காது மட்டத்தில் வைத்த ஸ்பீக்கர்கள். மிஞ்சுகிற காசுக்கு நல்லதொரு சென்டர் ஸ்பீக்கர். படத்தின் வசனங்களில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. வசனமே விளங்காவிட்டால், அடுத்த கிழமை ஆர் படம் பார்க்க வருவினம்?