முகம் இல்லாத வரலாறும் கையால் செய்த பொம்மையும்

பொகவந்தலாவையில் உள்ள சென். மேரிஸ் தேவாலயத்தின் மயானத்தில் ஜூலியா மார்கரெட் கெமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875 இல் இலங்கைக்கு வந்தவர், 1879 இல் டிக்கோயாவில் இறந்தார். இங்கிலாந்தில் டார்வினையும் டெனிசனையும் படம் பிடித்தவர், இங்கே தோட்டத்துத் தமிழர்களையும் படம் பிடித்தார். அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. டார்வினின் படத்துக்கு டார்வினின் பெயர் இருக்கிறது. தோட்டத்து மனிதர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை.

அவர்களாவது படத்தில் இருக்கிறார்கள். மலையகத் தமிழரின் முதல் தலைமுறை 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839 இல்தான். ஆகவே மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்களை, கொலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களை எவரும் படம் எடுத்திருக்க வாய்ப்பே இல்லை. 2023 இல் மலையகம் 200 ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனபோது, அந்தப் பாதை திரும்ப நடக்கப்பட்டது. முதலில் நடந்தவர்களின் உருவம் மட்டும் கிடைக்கவில்லை.

பின்னால் கமெராக்கள் நிறையவே வந்தன. ஆனால் யாருக்காக? 1934 இல் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படம் இன்றும் உலகத் திரைப்படக் கல்லூரிகளில் காட்டப்படுகிறது. அதில் லயனல் வென்ட்டின் குரல் வாசிப்பது 1681 இல் வெளியான ரொபர்ட் நொக்ஸின் நூலை. தேயிலை விற்ற காசில் எடுத்த படம், தேயிலை பறித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’ (1963), வி.பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ (1975), சுமதி சிவமோகனின் ‘இங்கிருந்து’ (2013) என்று சில படங்கள் வந்தன. 200 ஆண்டுக் கதைக்கு இது மிகச் சொற்பம். மற்றபடி நாம் தினமும் பார்ப்பது தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணைத்தான்.

கையால் செய்த பொம்மைகளை வைத்துக் குறும்படம் எடுக்கும் கலை மலையகத்துக்கு ஏன் முக்கியம் என்ற கேள்வி இந்த இடத்தில்தான் எழுகிறது. பொம்மைப் படம் என்றால் சிறுவர் நிகழ்ச்சி என்று நினைப்பவர்கள் இரண்டு படங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, செக்கோஸ்லோவாக்கியாவின் யிர்ஷி திரன்கா 1965 இல் எடுத்த ‘கை’. ஒரு சிறிய அறையில் பூச்சட்டி செய்து வாழும் எளிய கலைஞன். கதவைத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு பிரமாண்டமான கை, பூச்சட்டி வேண்டாம், என் உருவத்தைச் செய் என்கிறது. 18 நிமிடம், ஒரு வசனமும் கிடையாது. திரன்கா இறந்த பிறகு அரசு அதைத் தடைசெய்தது.

மற்றது குறும்படமல்ல, ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமானது: கம்போடியாவின் ரிதி பான் 2013 இல் எடுத்த ‘தொலைந்த படம்’. கெமரூஜ் ஆட்சியில் சிறுவனாகப் பெற்றோரையும் உடன்பிறப்புகளையும் இழந்தவர் அவர். அந்தக் காலத்தைப் பற்றி எஞ்சியிருந்ததெல்லாம் ஆட்சியாளர்கள் எடுத்த பிரசாரப் படங்கள்தான். தன் குடும்பம் செத்துப்போன காட்சிக்குப் படம் இல்லை. ஆகவே களிமண்ணில் நூற்றுக்கணக்கான சிறு மனிதர்களைச் செதுக்கவைத்து, வர்ணம் பூசி, முகாம்களை மேசைமேல் கட்டினார். அந்த உருவங்கள் அசைவதுகூட இல்லை. கமெராதான் அவற்றுக்கிடையே நகர்கிறது. கான் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது.

எசமானின் படங்கள் மட்டுமே மிஞ்சிய சமூகம் என்ற வகையில் ரிதி பானின் சிக்கலும் நம்முடையதும் ஒன்றுதான்.

இன்று இன்னொரு வழியும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘1830 இல் காட்டில் நடக்கும் தமிழ்த் தொழிலாளர்’ என்று கேட்டால் சில நொடிகளில் பழுப்பேறிய ‘புகைப்படம்’ ஒன்று வந்து விழும். எனக்கு இது பெரிய ஆபத்தாகப் படுகிறது. அந்தப் படம் தன்னைச் சாட்சி என்று சொல்லிக்கொள்கிறது. அடுத்த வருடம் அது ஒரு மே தினப் பதாகையில் ஏறும், அதற்கடுத்த வருடம் பாடசாலை மலரில் வரும், பிறகு அதைப் பொய் என்று நிறுவுவது நம் வேலையாகிவிடும். பொம்மை அப்படி ஏமாற்றாது. நான் மண், நான் துணி, என்னை ஒருவர் செய்தார் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுகிறது.

கடந்த காலத்துக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் இது தேவை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிவாகப் போகும் கிலோக்கள், அரைப்பேர் போடுவது, மலையில் பெண்கள் கேட்க நேரும் பேச்சு ஆகியவற்றை முகம் காட்டிச் சொல்லும் பெண், மறுநாள் காலை அதே பிரட்டுக்களத்தில்தான் நிற்க வேண்டும். அவள் குடியிருக்கும் லயக் காம்பிராவும் தோட்டத்துக்குச் சொந்தம். முகத்தை மங்கலாக்கிக் காட்டினால் குற்றவாளிபோல் தெரிகிறது. குரலைக் கொடுத்து முகத்துக்குப் பொம்மையை நிறுத்தினால் அவள் மரியாதை கெடாது. குரலை வைத்து அடையாளம் காண முடியாதா என்று கேட்கலாம். முடியும், அதனால் சில கதைகளை வேறொருவர் பேச வேண்டிவரும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு நொடிக்கு 12 படம் வீதம் எடுத்தால் 5 நிமிடப் படத்துக்கு 3,600 படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் என்றால் 60 மணித்தியாலம், அதாவது எட்டு நாள் வேலை. 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அது 10,800 ரூபாய். பொம்மை செய்யும் நாட்கள் இதில் சேரவில்லை. கமெராவாகக் கைப்பேசி போதும், செயலியும் இலவசமாகக் கிடைக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பக் கூடாது. நுவரெலியாவில் பத்து நிமிடத்துக்கொருமுறை பனிமூட்டம் வந்து போகும். படத்தில் அது மின்னி மின்னித் தெரியும். காம்பிராவை அடைத்து ஒரு குமிழைப் போட்டுக்கொள்வதே வழி. பொருளுக்கும் அலைய வேண்டாம். கவ்வாத்து வெட்டிய மிலாறு எலும்புக்கு ஆகும், பழைய படங்கும் சேலைத்துண்டும் உடுப்புக்கு ஆகும்.

நமக்கு மரபு இல்லையே என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. அம்பலாங்கொடைப் பக்கத்தின் நூல்பாவைக் கூத்தான ‘ரூகட’ 2018 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது; தெற்கின் அந்தக் குடும்பங்களிடம் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. நம்மிடம் காமன் கூத்து இருக்கிறது. மாசி பிறந்தால் பக்கத்து லயத்துப் பையன் ரதியாக வேசம் கட்டுகிறான். அவன் யார் மகன் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் காமன் எரிந்த பிறகு ரதி புலம்பும்போது அழாதவர் இல்லை. பொய்யுரு என்று தெரிந்தே அதற்காக அழப் பழகிய பார்வையாளர்களுக்குப் பொம்மைப் படம் புரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் பொம்மை என்றாலே ‘விழிப்புணர்வு’ என்று பொருளாகிவிட்டது. குடிக்காதே, கை கழுவு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு. குழாயில் தண்ணீர் வராத லயத்தில் கை கழுவச் சொல்லும் பொம்மையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், திட்ட அறிக்கையில் அது ‘வரவேற்பு’ என்று பதிவாகும். நிதி தருபவரின் வாசகத்தைப் பேசும் பொம்மை, திரன்காவின் கலைஞனிடம் அந்தக் கை கேட்ட சிலையேதான். நினைவுப்பொருள் கடைகளில் கூடை சுமந்து சிரித்துக்கொண்டு நிற்கும் கொழுந்துப் பெண் பொம்மையும் இன்னொரு பொறி. நம் பிள்ளைகளிடம் பொம்மை செய்யச் சொன்னால் முதலில் அதைத்தான் செய்வார்கள், பார்த்த உருவம் அது ஒன்றுதானே. செய்யட்டும். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எத்தனை மணிக்கு எழும்பினாள், யாருடைய மகள் என்று இரண்டாவது நாள் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகள் இல்லாத பயிற்சிப் பட்டறைக்குப் பணம் செலவழிப்பது வீண்.

எந்தக் கதையிலிருந்து தொடங்குவது? என் தெரிவு 1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று சிறிமாவும் சாஸ்திரியும் எழுதிய கணக்கு. ஒரே காம்பிராவில் அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு. கோச்சியில் ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்தவர்களில் பலர் நீலகிரியிலும் தேயிலைதான் பறித்தார்கள். அந்தப் பிரிவை ஹற்றன் ரயில் நிலையத்தில் நின்று பார்த்த பிள்ளை இன்று முதுமையை எட்டியிருப்பார். பொம்மையைப் பிறகு செய்துகொள்ளலாம். அவர் பேசுவதை இந்த மாதமே கைப்பேசியில் பதிவுசெய்ய வேண்டும், அவருடைய தோட்டத்துப் பேச்சிலேயே, திருத்தாமல்.