வாறுகாலும் வதந்தியும்

2012 மார்ச் 18 அன்று நடந்த இடைத்தேர்தலின்போது அமைச்சர்கள் பலர் சங்கரன்கோவில் தெருக்களில் வலம் வந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தேர்தல் வந்தால்தான் வாறுகாலும் குடிநீரும் பேசுபொருளாகின்றன. கூடவே வதந்தியும் வந்துவிடுகிறது.

வாறுகால் கட்டாமலேயே வார்டு உறுப்பினர் ஒருவர் பணம் எடுத்துவிட்டதாக ஒரு செய்தி கைபேசிகளில் பரவிற்று. மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் நாங்களும் அதை நம்பிப் பிறருக்கு அனுப்பினோம். செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கிய அதே வாரத்தில்! பின்னர் விசாரித்தால், அப்பணிக்கு நிதியே ஒதுக்கப்படவில்லை. அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அச்செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் எங்களால் செல்ல இயலவில்லை.

அதற்காக வாய்மூடி இருப்பதா? நகராட்சிப் பணம் நாம் செலுத்தும் வரி. பொறுப்பிலிருப்போர் கையில் அது அமானிதம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்தால் 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், எந்தத் தேதியில் எவ்வளவு வழங்கப்பட்டது என ஆவண நகலுடன் கேட்கலாம். ஆனால் ஒன்று: லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்க, வாக்குக்குப் பணம் பெற்றவர் எந்த முகத்தோடு கணக்குக் கேட்பார்?

அந்த வாறுகாலுக்கு ஏன் நிதி ஒதுக்கப்படவில்லை என வினவி மனு அனுப்பியுள்ளோம். பதில் யாருக்குச் சாதகமாயினும் அப்படியே அறிவிப்போம், இன்ஷா அல்லாஹ்.