டயரை மாத்தலாம், ரோட்டை?

'எல்லாப் பாதைக்கும் ஒரே டயர் போதும்' என்று யாரோ எழுதியதை நம்மாட்களும் ஒப்பிக்கிறார்கள். பதுளைக்கு இது சரிவராது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. தேயிலைமலைச் சேற்றில் நெருக்கமான பட்டன் டயர் ஓட்டிப் பாருங்கள், மண் அப்பி வழுவழுன்னு ஆகிவிடும். இடைவெளி விட்ட உயரமான பட்டன்தான் சேற்றை உதறும். ஜூலையில் காய்ந்து இறுகிய மண்ணுக்குத் தாழ்ந்த பட்டனே போதும், வேகமாகவும் உருளும்.

பீக்கோ ட்ரெயில் 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல். ஹப்புத்தளை, எல்லப் பக்கம் அது தோட்டங்களுக்குள்ளால்தான் போகுது. அங்கே குண்டும் குழியும் சைக்கிள்காரருக்குச் 'சாகசம்'. அவர் டயரை மாத்திக்கொள்வார். பிள்ளைத்தாச்சியை ஏற்றிவரும் தோட்டத்து லொறிக்கு எந்த டயரைப் பூட்டுறது?