குஞ்சு கொடுத்தால் போதுமா?

கேரளம் முட்டைக்கு நாமக்கல் லாரிகளையே பெரிதும் நம்பியிருக்கிறது. இதை மாற்றவே இங்குள்ள உள்ளாட்சி அமைப்புகள் வீடுகளுக்குக் கோழிக்குஞ்சுகள் வழங்குகின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் கூடு இல்லாத வீட்டில் கீரியும் தெருநாயுமே பயனாளிகள்!

இரும்புக் கூடு விலை அதிகம்; ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் நம் ஊரில் துருவும் பிடிக்கும். கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் பி.வி.சி. குழாயும் வலையும் கிடைக்கின்றன. ரம்பமும் பசையும் இருந்தால் வீட்டிலேயே கூடு செய்யலாம். இருவர் தூக்கி இடம் மாற்றலாம்.

ரயில்வேயில் உழைத்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். வெறும் சதுரச் சட்டம் காற்றில் சாயும். பாலங்களில் உள்ளதுபோல் மூலைக்கு மூலை குறுக்குக் குழாய் கொடுத்து முக்கோணமாக்குங்கள். சூடு ஏறினால் பி.வி.சி. இரும்பைவிடப் பல மடங்கு நீளும். தண்டவாளத்துக்கு இடைவெளி விடுவதுபோல் வலையைச் சற்றுத் தளர்த்திக் கட்டுங்கள். நாளடைவில் வெயிலில் குழாய் நொறுங்கும். வெள்ளைப் பெயிண்ட் பூசினால் ஆயுள் கூடும்.

நைலான் வலையைப் பெருச்சாளி கடித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையே வேண்டும். அதை வெளிப்புறம் ஓரடி தரையில் விரித்துக் கல் வையுங்கள். தோண்டி நுழைய முடியாது. மேலே தகரமோ ஓலையோ அவசியம். 2014இல் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் வந்ததை மறக்கலாமா? காட்டுப் பறவைகளின் எச்சம் உள்ளே விழக்கூடாது.

குஞ்சுடன் குழாயும் வலையும் சேர்த்துக் கொடுத்தால் திட்டம் பிழைக்கும். அதிகாரிகள் யோசிப்பார்களா? அதுவரை நம் சங்கமே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்முறை வகுப்பு நடத்தலாமே! ரம்பத்துடன் வர நான் தயார்.