பாட்டன் திருத்திய காட்டுக்குப் பேரனிடம் ஆதாரம் கேட்கிறார்கள்!



பயிர்க்கடன் வாங்க சொசைட்டிக்குப் போனால் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அதுதான். பி.எம். கிசான் திட்டத்தில் வருஷம் 6,000 ரூபாய் வாங்கணும்னாலும் நிலம் நம்ம பேரில் இருக்கணும். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்தச் சிட்டாவில் செத்துப்போன பாட்டன் பேரோ, வேறு யார் பேரோ இருந்தால் என்ன செய்வது? "நீதான் அவரோட பேரன்னு என்னய்யா ஆதாரம்?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். நாலு தலைமுறையாக அதே காட்டை உழுகிறவன், தான் யார் என்று நிரூபிக்கத் தாலுகா ஆபீஸ் திண்ணையில் காத்துக் கிடக்கிறான். இது நியாயமா?

தப்பு எங்கே நடந்தது?

வெள்ளைக்காரன் காலத்தில் ரயத்துவாரி முறை வந்தது. ஒவ்வொரு குடியானவன் பேரையும் கணக்கில் எழுதினார்கள். எதுக்கு? கிஸ்தி வசூல் பண்ண! மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரி கேட்க எங்க பாட்டன் பேர் அவர்களுக்குச் சரியாகத் தெரிந்தது. உரிமை என்று நாம் கேட்கும்போதுதான் பேர் தெரியாமல் போகிறது!

1979லிருந்து 1987 வரை யு.டி.ஆர். என்கிற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பழைய கணக்கைப் புதுக் கணக்காக மாற்றும் வேலை. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பரில், கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. பரம்பரைப் பதவி ஒழிந்தது நல்லதுதான், அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எந்தக் காட்டை எந்தக் குடும்பம் உழுகிறது என்று அறிந்தவர்கள் போனபோது அந்த விவரத்தை யார் எழுதி வாங்கினார்கள்? அண்ணன் தம்பி நாலு பேர் நிலம் அண்ணன் ஒருத்தர் பேரில் ஏறியது. பங்காளி நிலம் மாறி ஏறியது. உழுத காடு புறம்போக்கு என்று ஏறியது. எழுதினது அரசாங்கம். தப்பும் அரசாங்கத்தோடது. அலைகிறது மட்டும் நாமா?

எங்க வீட்டுக் கதையையே சொல்கிறோம்

ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் எங்க குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். எங்க அப்பாரோட அப்பன் முள்ளுக்காட்டை வெட்டித் திருத்தி, கிளுவை வேலி போட்டு உண்டாக்கியது நாலு ஏக்கர் மேட்டாங்காடு. அந்தத் திசையில் முதல் ஏர் பூட்டினது அவர்தான் என்று ஊரே சொல்லும். யு.டி.ஆர். பட்டாவில் அது பங்காளி வீட்டுப் பேரில் இருக்கிறது. பங்காளிகளும் "எங்களது இல்லீங்க" என்றுதான் சொல்கிறார்கள். ஆபீசில் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகல் வாங்கினோம். அதில் பாட்டனின் பட்டப்பேர் இருக்கிறது. வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்த கிஸ்தி ரசீதில் அவரோட நிஜப்பேர் இருக்கிறது. "இது ரெண்டு ஆளு" என்று மனுவைத் தள்ளினார்கள். அதற்கு மேல் பேப்பரில் வழி இல்லை. வீட்டில் உள்ள பெரியவர்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

எங்க அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல், ஞாபகம் மங்கவில்லை. "ரெண்டும் ஒரே ஆளுதாண்டா. குள்ளமா இருந்தாருன்னு ஊருல அப்படிக் கூப்புட்டாங்க. பவானிசாகர் அணை கட்டுறப்ப நம்ம அப்பன் அங்க கல்லு ஒடைக்கப் போயி, அந்தக் கூலியில இந்தக் கெணறு வெட்டுனாரு" என்றார். அந்த அணை 1948ல் ஆரம்பித்து 1955ல் முடிந்தது. கிணற்றுக்கு வயசு தெரிந்துவிட்டது. "கெழக்காலக் காட்டுக்காரங்க பத்திரத்தைப் பாரு, நம்ம பேரு இருக்கும்" என்றும் அத்தைதான் சொன்னார். போய்ப் பார்த்தோம். அந்தப் பழைய கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதின இடத்தில், நிஜப்பேரும் பட்டப்பேரும் சேர்த்து 'இன்னார் என்கிற இன்னார் காட்டுக்குக் கிழக்கு' என்று இருக்கிறது! நம்ம ஆதாரம் பக்கத்துக் காட்டுக்காரர் பெட்டியில் அறுபது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது.

இத்தனையும் வைத்து மறுபடி மனு கொடுத்தோம். "கெழவி சொல்றதெல்லாம் ஆதாரமா?" என்றார் ஒரு அலுவலர். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆதாரம்தான் ஐயா!

வன உரிமைச் சட்டம் 2006ல் வந்தது. அதற்கான 2008ஆம் வருஷ விதிகளில், 13ஆம் விதி என்ன சொல்கிறது? பழைய கணக்கில் பேர் உள்ளவரோடு இன்றைய மனுதாரரை இணைக்கும் வம்சாவளியை ஆதாரமாக ஏற்கலாம். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். பழைய கிணறும் சுடுகாடும் கோயிலும்கூட ஆதாரம். காட்டு நிலத்துக்குச் செல்லும் சாட்சி பட்டா நிலத்துக்குச் செல்லாதா?

1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டமே, ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதில் குடும்பத்தை நன்றாக அறிந்தவர் கருத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. கோர்ட்டு கேட்கும் அத்தை வார்த்தையைத் தாலுகா ஆபீஸ் கேட்காதா? 1969ல்தான் பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதுக்கும் ஒரே சட்டம் வந்தது. அதற்கு முன்னால் நம்ம குக்கிராமத்தில் செத்தவருக்கு இறப்புச் சான்று கொண்டு வா என்றால் எங்கே போவது?

நம்ம பக்கமும் பார்ப்போம்

இதைச் சொன்னால் சங்கத்திலேயே சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அத்தை இன்னொன்றும் சொன்னார். "தெக்கோரம் அரை ஏக்கர் நம்மளது இல்ல. கெணத்துல மண்ணு சொமந்து கல்லு கட்டுன குடும்பத்துக்குத் தர்றேன்னு அப்பன் வாக்குக் குடுத்தாரு. எழுதித்தான் குடுக்கல." ஒரு நிமிஷம் எங்களுக்குப் பேச்சே வரவில்லை. நாலு ஏக்கருக்கு அத்தை வார்த்தை ஆதாரம், அரை ஏக்கருக்கு மட்டும் கிழவி உளறலா? அப்படிச் சொன்னால் அந்த அலுவலருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பட்டா எங்க பேருக்கு வந்ததும் அந்த அரை ஏக்கரை அந்தக் குடும்பத்துக்குப் பத்திரம் போட்டுக் கொடுப்பது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம்.

"எங்க பாட்டன் தனியாளா காட்டைத் திருத்தினார்" என்று பெருமை பேசுகிறோம். தனியாளாக யாரும் திருத்தவில்லை. கூட முள் வெட்டின கூலிக்காரர் பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. களை எடுத்த அப்பத்தா பேரும் இல்லை. இவ்வளவு விவரம் சொன்ன அத்தைக்கே ஒரு செண்டு நிலம் கிடையாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 2005ல் திருத்திய பிறகும், வம்சாவளி எழுதும்போது பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதுகிறவர் நம்மில் எத்தனை பேர்? பழைய பதிவேட்டைப் புரட்டும்போது, 1892 உத்தரவின்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கின பஞ்சமி நிலம் என்று தெரிய வந்தால் அதையும் மூடி மறைக்கக் கூடாது. நமக்கு நியாயம் கேட்கிறவர்கள் அடுத்தவர் நியாயத்தை மிதிக்கலாமா?

ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டில் வயசானவர் யாரோ அவரிடம் இந்த வாரமே உட்காருங்கள். நிஜப்பேர், பட்டப்பேர், பிறந்த ஊர், கட்டிக்கொடுத்த ஊர், ஆண் பெண் அத்தனை பேரையும் எழுதுங்கள். தாத்தன் பேரைப் பேரனுக்கு வைப்பது நம்ம வழக்கம். அதனால் கணக்கில் உள்ளது எந்தத் தலைமுறை ஆள் என்று கேட்டுக் குறியுங்கள். "தாது வருஷத்துல" என்று சொன்னால் 1876ஆ, 1936ஆ என்று விசாரியுங்கள். தமிழ் வருஷப் பேர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். பழைய கணக்கில் பசலி போட்டிருந்தால் 590ஐக் கூட்டுங்கள். பசலி 1358 என்றால் 1948 ஜூலையில் தொடங்கிய வருஷம்.

அப்புறம் பேப்பர்கள். கிஸ்தி ரசீது, தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று. நம்முடையதில் இல்லாவிட்டால் நான்கு பக்கத்துக் காட்டுக்காரர் பத்திரத்தில் எல்லையைப் பாருங்கள். 'அ' பதிவேடு, பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகல் தர மறுத்தால் 2005ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத் தோழர்கள் வீட்டுக்கே வந்து எழுதித் தருவார்கள். பெரியவர்கள் நாளைக்கும் இருப்பார்கள் என்று தள்ளிப்போடாதீர்கள்!

நமது கோரிக்கைகள்

1. யு.டி.ஆர். தப்புகளைத் திருத்த, அதிகாரிகள் பதிவேட்டோடு கிராமத்துக்கே வந்து ஊர் முன்னிலையில் விசாரிக்க வேண்டும்.

2. ஊர்ப் பெரியவர் வாக்குமூலத்தையும் வம்சாவளியையும் ஆதாரமாக எழுதி வாங்க வேண்டும்.

3. யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டு நகலைச் சிறு விவசாயிக்கு இலவசமாகத் தர வேண்டும்.

4. பெண் வாரிசுகளை விட்டுவிட்டு வரும் வம்சாவளியை ஏற்கக் கூடாது.

வரும் ஜமாபந்தியில் குடும்பத்துக்கு ஒரு மனு, ஒரு வம்சாவளி நோட்டு. நடக்க முடிந்த பெரியவர்களையும் வண்டி வைத்துக் கூட்டி வாருங்கள். எங்க அத்தையும் வருகிறார். ஆதாரம் எங்கே என்று கேட்பவர்கள் முன்னால் அவர்களை உட்கார வைப்போம்!

உழுதவன் பேர் கணக்கில் ஏறும்வரை ஓயமாட்டோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
சங்கச் செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்