கரம்பை மண்ணுக்கும் ஒரு லைட்டு அடிச்சுப் பாருங்க

கோடையில கண்மாய் வத்திட்டா எங்க பக்கம் கரம்பை மண்ணு அள்ளுறதுதான் பெரிய வேலை. அந்தக் காலத்துல மாட்டுவண்டி, இப்போ டிராக்டரும் டிப்பரும். 2017-ல விவசாயிங்க வண்டலை இலவசமா எடுத்துக்கலாம்னு அரசாங்கம் சொன்னுச்சு. 2024-ல தாசில்தார் அளவுலேயே அனுமதி வாங்கிக்கலாம்னு ஆக்கினாங்க. நல்ல காரியம்தான், நான் குறை சொல்ல வரலை. ஆனா நம்ம நிலத்தோட காகிதத்தை எல்லாம் பாக்குறவங்க, அள்ளப்போற வண்டல்ல என்ன கிடக்குன்னு கேக்குறதே இல்லை.

முன்னாடி கேக்க வேண்டிய அவசியமும் இல்லை. கரைமேல இருக்குற மரத்து இலை, ஆட்டுப்புழுக்கை, மேட்டு நிலத்துலேர்ந்து மழையில வந்த மேல்மண்ணு, இவ்வளவுதான் கண்மாய்க்குள்ள மக்கிக் கிடக்கும். இப்போ டவுனை ஒட்டின கண்மாய்ல வரத்துக் கால்வாய் வழியா மழைத்தண்ணி வருதோ இல்லையோ, சாக்கடை வருஷம் பூரா வருது. ரெண்டும் கறுப்பு மண்ணுதான். ரெண்டுலயும் கரிமச்சத்து உண்டு. 2015-லேர்ந்து தர்ற மண்வள அட்டையில அந்தக் கரிமச்சத்து ஒரு எண்ணா இருக்கும். எவ்வளவுன்னு சொல்லும், எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லாது.

அதைச் சொல்றதுக்கு ஒரு வழி இருக்கு. எங்க அண்ணன் மக வேதியியல் படிக்கிறா, அவ சொல்லித்தான் எனக்கே தெரியும். கடையில கள்ளநோட்டு பாக்க ஊதா லைட்டு வெச்சிருப்பாங்கல்ல? அதுல நோட்டுக்குள்ள இருக்குற இழை பளிச்சுன்னு மின்னும். அதே தத்துவம்தான். வண்டலைத் தண்ணியில போட்டுக் குலுக்கி, வடிகட்டி, அந்தத் தெளிவை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில ஊத்தி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைப் பாய்ச்சுறாங்க. இலைதழை மக்கின சத்து 400-லேர்ந்து 500 நானோமீட்டர் வரைக்கும், அதாவது நீலத்தை ஒட்டி, ஒளியைத் திருப்பி விடும். சாக்கடையில வர்ற புரதச் சத்து 350 பக்கத்துல விடும். அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். இதுக்குப் பேரு ஒளிர்வு நிறமாலை ஆய்வு. கொஞ்சூண்டு மண்ணு போதும், ரொம்ப நேரமும் ஆகாது.

"சித்தப்பா, இதை மட்டும் நம்பி முடிவு பண்ணிடாதீங்க"ன்னும் அவ சொன்னா. கண்மாய்ப் பாசியிலேர்ந்தும் அந்தப் புரத ஒளி வரும். வேட்டி வெளுப்பா தெரிய சோப்புத்தூள்ல ஒரு சரக்கு போடுறாங்களே, அதுவும் நீலமா ஒளிரும், மக்கு மாதிரியே ஏமாத்தும். இரும்பு அதிகமா இருந்தா ஒளி மங்கிடும். ஈயம், குரோமியம் இருக்கான்னு இது காட்டாது, அதுக்குத் தனிச் சோதனை வேணும். அதனால சாக்கடை கலக்காத கண்மாய் மண்ணையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுத்தான் பாக்கணும்.

சரி, இருக்கட்டும். எல்லாக் கண்மாய்க்கும் வேணாம். டவுனை ஒட்டின கண்மாய்களுக்கு மட்டுமாவது அனுமதி கொடுக்கும் முன்னாடி இந்தச் சோதனையையும் உலோகச் சோதனையையும் செஞ்சு, முடிவை ஊராட்சி ஆபீஸ்ல ஒட்டுங்க. கருவி பல பல்கலைக்கழகத்துல இருக்கு. படிக்கிற பிள்ளைங்களுக்கும் வேலை. வயல்ல பரப்பி உழுதுட்டா அப்புறம் அந்த மண்ணைத் தனியாப் பிரிச்சு எடுக்க முடியுமா? அதுல விளைஞ்ச கீரையும் நெல்லும் உங்க டவுன் மார்க்கெட்டுக்குத்தான் வருது. உங்க தெருச் சாக்கடை எந்தக் கண்மாய்ல போய் விழுதுன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கோடையில எங்க கண்மாய்ல கால்வாய் வாயில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மடைகிட்ட ஒண்ணுன்னு மூணு பொட்டலம் மண்ணு எடுத்துத் தரச் சொல்லியிருக்கா அண்ணன் மக. அது வர்ற வரைக்கும் என் வயலுக்கு எருக்குழிக் குப்பைதான்.